கவாத்து தேதியும் இன்டர்னல் தேதியும்: கல்லூரி மாணவர்களுக்கு ஒரு ஒர்க்‌ஷீட்

கல்லூரி திறந்து ஒரு மாதம் ஆகிவிட்டால் போதும், ஊரிலிருந்து எனக்கு வரும் மெசேஜ்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். "அண்ணே, டைம் பிளான் பண்ண எந்த ஆப் நல்லது?" கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் பக்கம் இருந்து தேனிப் பக்கக் கல்லூரிகளுக்குத் தினமும் பஸ்ஸில் போய் வரும் தம்பி, தங்கைகள்தான் கேட்பார்கள். நானும் அதே பஸ்ஸில் நான்கு ஆண்டுகள் போய் வந்து இன்ஜினியரிங் முடித்தவன். இப்போது சென்னையில் சாப்ட்வேர் நிறுவனத்தில் வேலை பார்ப்பதால், ஏதாவது ஒரு ரகசிய ஆப் தெரிந்திருக்கும் என்று நம்புகிறார்கள்.

ஆப் பெயர் சொல்வது சுலபம். பிளே ஸ்டோரில் தேடினால் வரிசையாக வந்து நிற்கும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை, ஹாஸ்டல் அறையில் மேஜை நாற்காலியுடன் இருக்கும் ஒரு மாணவரை மனதில் வைத்துத் தயாரிக்கப்பட்டவை. அவருடைய நாள் முழுவதும் அவர் கையில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கொடுக்கும். நம் ஊர் மாணவரின் நாளில் பாதி அவர் கையில் இல்லை. பஸ் அவர் கையில் இல்லை. தோட்டத்து வேலை அவர் கையில் இல்லை. திருவிழாவும் மழையும் யார் கையிலும் இல்லை. எனவே முதலில் செய்ய வேண்டியது, உங்கள் கையில் இல்லாத நேரத்தை எல்லாம் எழுதி வைப்பது. படிக்கும் நேரம் அதற்குப் பிறகு.

தேனி மாவட்டம் பற்றி அறியாத வாசகர்களுக்காகச் சிறு விளக்கம். கேரள எல்லையை ஒட்டிய லோயர் கேம்ப்பில் தொடங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி வழியாகத் தேனி வரை நீள்வது கம்பம் பள்ளத்தாக்கு. கம்பத்திலிருந்து தேனிக்கு ஏறத்தாழ 40 கிலோ மீட்டர். மதுரை - போடி மீட்டர் கேஜ் ரயில் 2010 இறுதியில் நிறுத்தப்பட்டது. அகலப் பாதையாக மாறி, தேனிக்கு 2022 மே மாதமும், போடிக்கு 2023 ஜூன் மாதமும் மீண்டும் ரயில் வந்தது. பள்ளத்தாக்கின் உள்ளே ரயில் பாதை கிடையாது. கல்லூரி என்றால் பஸ்தான்.

130 பீரியட் எங்கே போனது?

என் சித்தப்பா மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். சித்தப்பாவுக்கு இரண்டு இடத்தில் திராட்சைப் பந்தல். 2024ல் தம்பி மூன்றாவது செமஸ்டரில் இருந்தபோது வீட்டில் பெரிய சண்டை. வருகைப் பதிவு 69 சதவீதத்துக்கு வந்துவிட்டது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் செமஸ்டர் தேர்வு எழுத மொத்தம் 75 சதவீத வருகை வேண்டும். மருத்துவக் காரணம் போன்றவற்றுக்கு உரிய சான்று இருந்தால் 65 வரை சலுகை தரப்படும். அதற்கும் கீழே போனால் தேர்வு எழுத முடியாது. அந்த செமஸ்டரையே மறுபடி படிக்க வேண்டியதுதான். வீட்டில் முதல் பட்டதாரியாக வரப் போகிறவனுக்கு ஒரு வருடம் போவது என்றால், மறு வருடமும் ஃபீஸ், மறு வருடமும் பஸ், கூடவே சொந்தக்காரர்களின் விசாரிப்பு.

"தோட்டம் தோட்டம்னு கூப்பிட்டு என் படிப்பே போச்சு" என்றான் தம்பி. "ஒன்பது நாள் கூப்பிட்டதுக்கா படிப்பு போகும்?" என்றார் சித்தப்பா. நடுவில் சித்தி அழுது கொண்டிருந்தார். நான் போனில் இருந்தேன். யார் பக்கம் பேசினாலும் வம்பு என்பதால், கல்லூரி போர்ட்டலில் இருக்கும் வருகைப் பதிவை அப்படியே எனக்கு அனுப்பச் சொன்னேன்.

அதனை ஒரு ஒர்க்‌ஷீட்டில் போட்டுப் பார்த்தோம். அதுவரை 60 நாள் வகுப்பு, நாளுக்கு 7 பீரியட், ஆக 420 பீரியட். தம்பி இருந்தது 290. வராதது 130. இந்த 130 எங்கே போனது? தோட்டத்துக்கு 9 நாள், அதாவது 63 பீரியட். காய்ச்சலுக்கு 5 நாள், 35 பீரியட். மீதி 32 பீரியட் எல்லாமே முதல் பீரியட். பஸ் லேட்!

32 பீரியட் என்பது நாலரை நாளுக்குச் சமம். இதைப் பற்றி அந்தச் சண்டையில் ஒருவரும் பேசவே இல்லை. பத்து நிமிடம் லேட்டாகப் போனால் ஒரு பீரியட் போகிறது. அது அன்றைக்குப் பெரிதாகத் தெரியாது. சேர்த்துக் கூட்டினால்தான் தெரியும்.

அடுத்த கணக்கு இன்னும் முக்கியம். செமஸ்டரில் மொத்தம் 80 நாள் என்று வைத்துக் கொண்டால் 560 பீரியட். அதில் 75 சதவீதம் 420. கையில் இருப்பது 290. மீதியிருக்கும் 20 நாளில், 140 பீரியடில் 130 இருந்தாக வேண்டும். பத்துதான் தவற விடலாம். பஸ் பத்து நாள் லேட்டானாலே கதை முடிந்தது. தம்பி 25 நிமிடம் முன்னால் கிளம்பும் பஸ்ஸுக்கு மாறினான். ஒரு நாள் ஜுரத்தோடும் போய் உட்கார்ந்திருந்தான். கடைசியில் 75ஐத் தாண்டிவிட்டான். ஆனால் ஒரு பேப்பரில் அரியர் விழுந்தது. அதை இரண்டாவது முறை எழுதித்தான் முடித்தான்.

இந்த வருகைக் கணக்கை நீங்களும் போட்டுக் கொள்ளலாம். எக்ஸெல், கூகுள் ஷீட்ஸ், இலவச லிப்ரே ஆபீஸ் கால்க் எதில் வேண்டுமானாலும் செய்திடலாம். ஒரு செல்லில் செமஸ்டரின் மொத்த பீரியட், அடுத்ததில் இதுவரை நடந்தது, அடுத்ததில் நீங்கள் இருந்தது. நான்காவது செல்லில் சமம் குறி போட்டு, மொத்த பீரியட் உள்ள செல்லைக் கிளிக் செய்து, பெருக்கல் குறி, 0.75, பிறகு கழித்தல் குறி போட்டு, நீங்கள் இருந்த பீரியட் உள்ள செல்லைக் கிளிக் செய்து என்டர் தட்டவும். இன்னும் எத்தனை பீரியட் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது கிடைக்கும். ஐந்தாவது செல்லில், மொத்தத்திலிருந்து இதுவரை நடந்ததைக் கழித்து, அதிலிருந்து நான்காவது செல்லைக் கழிக்கவும். இனி எத்தனை பீரியட் விடலாம் என்பது இந்த எண். போர்ட்டல் காட்டும் சதவீதத்தை விட இதுதான் பயனுள்ளது. சதவீதம் நடந்ததைச் சொல்கிறது. இது நாளைக்கு லீவு போடலாமா கூடாதா என்பதைச் சொல்கிறது.

120 நாள் முன்னால் ஒரு முடிவு

சண்டை அடங்கிய பிறகு சித்தப்பா ஒன்று சொன்னார். "கொடியில பழம் நிக்கிறப்ப நான் தேதி பாக்க முடியாதுப்பா. கவாத்துக்கு முன்னாடி கேட்டிருந்தா முன்னப்பின்ன பண்ணியிருப்பேன்."

நான்கு ஆண்டு படிப்பிலும் இத்தனை ஆண்டு வேலையிலும் நேர மேலாண்மை பற்றி நான் கேட்ட எந்த வகுப்பிலும் இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை.

கம்பம் பன்னீர் திராட்சை (2023ல் புவிசார் குறியீடு கிடைத்த அதே திராட்சைதான்) ஆண்டில் ஒரு முறை மட்டும் காய்ப்பதல்ல. கொடியைக் கவாத்து செய்தால் ஏறத்தாழ 120 நாளில் பழம் வெட்டுக்கு வரும். ஆளுக்கொரு நாளில் கவாத்து செய்வதால்தான் பள்ளத்தாக்கில் வருடம் முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் வெட்டு நடக்கிறது. பழம் பழுத்துவிட்டால் காத்திருக்காது. வியாபாரி வருவார், பெட்டி வரும், எடை போடும்போது வீட்டு ஆள் ஒருவர் நிற்க வேண்டும். மழை வந்தால் பழம் வெடிக்கும். அன்றைக்குப் போய் "எனக்கு இன்டர்னல்" என்று சொன்னால் எந்த அப்பாவும் என்ன செய்வார்? முடிவு எடுக்க வேண்டிய நாள் நான்கு மாதம் முன்பே போய்விட்டது.

2025ல் இதைச் செய்து பார்த்தோம். ஒரு தோட்டத்தில் ஜூன் 10 கவாத்து என்று சித்தப்பா நினைத்திருந்தார். 120 நாள் கூட்டினால் அக்டோபர் 8. தம்பியின் கல்லூரியில் அக்டோபர் 6ல் இன்டர்னல் தொடங்குவதாக அட்டவணை வந்திருந்தது. பன்னிரண்டு நாள் முன்னால், மே 29ல் கவாத்து செய்தால் வெட்டு செப்டம்பர் 26. அது வெள்ளிக்கிழமை. அடுத்த இரண்டு நாளும் விடுமுறை. ஒரு நாள் லீவில் வேலை முடிந்துவிடும். வடகிழக்குப் பருவ மழைக்கும் முன்னால் பழம் இறங்கிவிடும் என்பதால் சித்தப்பாவுக்கும் சரி என்று பட்டது. முந்தைய வெட்டு முடிந்து கொடிக்கு ஓய்வு விட வேண்டும் என்பதால் இஷ்டத்துக்கு நகர்த்த முடியாது. ஆனால் இரண்டு வாரம் முன்பின் கேட்டுப் பார்க்கலாம்.

எல்லாம் சுபம் என்று நினைக்க வேண்டாம். இன்னொரு தோட்டத்தை நகர்த்த முடியவில்லை. அந்த வெட்டு சரியாக லேப் தேர்வு வாரத்தில் விழுந்தது. ஆனால் அது ஒரு மாதம் முன்பே தெரிந்திருந்ததால், அத்தை மகன் வந்து எடையில் நின்றார். அந்த செமஸ்டரில் தோட்டத்துக்குப் போன லீவு 4 நாள்.

ஒர்க்‌ஷீட் அமைப்பது எப்படி?

கூகுள் ஷீட்ஸில் புதிய ஷீட் ஒன்றைத் திறக்கவும். முதலில் ஃபைல் மெனுவில் செட்டிங்ஸ் சென்று, லொகேல் என்ற இடத்தில் இந்தியா இருக்கிறதா என்று பார்க்கவும். இல்லாவிட்டால் நீங்கள் அக்டோபர் 6 என்று நினைத்து டைப் செய்ததை, ஜூன் 10 என்று அது எடுத்துக் கொள்ளும். எக்ஸெல் பயன்படுத்துபவர்கள் விண்டோஸ் ரீஜன் செட்டிங்ஸில் இதனைச் சரி பார்க்கவும்.

நான்கு காலம் (நெடுவரிசை) போதும். வேலை, முடிய வேண்டிய தேதி, எத்தனை நாள் பிடிக்கும், தொடங்க வேண்டிய தேதி. நான்காவதில் சமம் குறி போட்டு, முடிய வேண்டிய தேதி உள்ள செல்லைக் கிளிக் செய்து, கழித்தல் குறி போட்டு, நாள் எண்ணிக்கை உள்ள செல்லைக் கிளிக் செய்து என்டர் தட்டவும். செல்லின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் எல்லா வரிசைக்கும் பார்முலா வந்துவிடும்.

சிலருக்குத் தேதிக்குப் பதிலாக 45,000க்கு மேல் ஏதோ ஒரு எண் தெரியும். பயப்பட வேண்டாம். எக்ஸெல் தேதிகளை 1900 ஜனவரி 1ஐ 1 என்று வைத்து வரிசையாக எண்ணிக் கொண்டு வருகிறது. அதனால்தான் தேதியில் 120ஐக் கூட்டவும் 7ஐக் கழிக்கவும் முடிகிறது. அந்த செல்களைத் தேர்ந்தெடுத்து, பார்மட் மெனுவில் நம்பர் சென்று, டேட் என்பதைக் கிளிக் செய்திடவும்.

இப்போது முக்கியமான வேலை. பலரும் முடிய வேண்டிய தேதியை வைத்து வரிசைப்படுத்துவார்கள். அப்படிச் செய்யாமல், தொடங்க வேண்டிய தேதியை வைத்து சார்ட் செய்திடவும். தம்பியின் பட்டியலில் மினி புராஜெக்ட் முடிய வேண்டியது நவம்பர் 3, பிடிக்கும் நாள் 21, தொடங்க வேண்டியது அக்டோபர் 13. ரெகார்ட் நோட் அக்டோபர் 24, பத்து நாள், தொடங்க வேண்டியது அக்டோபர் 14. இரண்டுக்கும் கடைசி நாள் பார்த்தால் பத்து நாள் இடைவெளி. தொடங்கும் நாள் பார்த்தால் ஒரே நேரத்தில் இரண்டும் தலையில் ஏறுகின்றன. எனவே ரெகார்டை செப்டம்பரிலேயே வாரம் இரண்டு எக்ஸ்பெரிமென்டாக எழுதத் தொடங்கினான்.

தோட்டத்துக்குத் தனி ஷீட். கவாத்து தேதியுடன் 120ஐக் கூட்ட வேண்டும். வெயில், மழையைப் பொறுத்து நாலைந்து நாள் முன்பின் ஆகும் என்பதால் அந்த வாரம் முழுவதையும் குறித்து வைக்கவும். ஏலத்தோட்டம் உள்ள போடிப் பக்கத்து மாணவர்கள், ஒரு முறை காய் எடுத்து அடுத்த முறை எடுக்க ஏறத்தாழ 40 நாள் என்று போட்டுக் கொள்ளலாம். நெல் வயல் என்றால் பெரியாறு அணையின் தண்ணீர்த் திறப்பைப் பொறுத்தது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கும் வழக்கமாக ஜூன் முதல் தேதியை எதிர்பார்ப்பார்கள். அணையில் தண்ணீர் குறைவாக இருந்தால் தள்ளிப் போகும். அங்கிருந்து நடவு, களை, அறுப்பு என்று வீட்டில் கேட்டுக் கேட்டு எழுதலாம். வீட்டில் உள்ளவர்களுக்கு இந்த நாட்கணக்கு மனப்பாடம். நாம்தான் கேட்பதில்லை.

ஊர்த் தேதிகளையும் சேர்க்கவும். வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழா, ஏப்ரல் - மே செமஸ்டர் தேர்வு நேரத்தில் வரும். கம்பம் - தேனி சாலையில் அந்த எட்டு நாளும் பஸ் நேரத்தை நம்ப முடியாது. கார்த்திகை பிறந்தால் சபரிமலை வாகனங்கள். அது நவம்பர் - டிசம்பர் தேர்வு நேரம். கூடலூர், கம்பம் மாணவர்கள் அந்த நாட்களில் ஒரு பஸ் முன்னால் பிடிப்பது நல்லது.

காலண்டரை வீட்டோடு பகிரலாம்

ஷீட் உங்களுக்கு. வீட்டுக்கு கூகுள் காலண்டர். கம்ப்யூட்டரில் பிரவுசர் வழியாகத் திறந்து, இடது பக்கம் அதர் காலண்டர்ஸ் அருகே உள்ள கூட்டல் குறியில் கிளிக் செய்து, கிரியேட் நியூ காலண்டர் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். "வீடும் கல்லூரியும்" என்று தமிழிலேயே பெயர் கொடுக்கலாம். பிறகு அந்தக் காலண்டரின் செட்டிங்ஸில், குறிப்பிட்ட நபர்களுடன் பகிரும் பிரிவில் அப்பா, அக்கா, யார் மொபைல் பார்ப்பார்களோ அவர்களின் மெயில் முகவரியைச் சேர்க்கவும். அவர்களும் தேதி சேர்க்க வேண்டும் என்றால், மாற்றங்கள் செய்யும் அனுமதியைக் கொடுக்கவும்.

இதில் எல்லாவற்றையும் போட வேண்டாம். இன்டர்னல், லேப், செமஸ்டர் தேர்வு, கவாத்து, வெட்டு, குடும்ப விசேஷம் ஆகியவை மட்டும். தினசரி வகுப்பு அட்டவணையைப் போட்டால் மூன்றாவது நாளே யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். ஒவ்வொரு இன்டர்னலுக்கும் இரண்டு வாரம் முன்பு ஒரு நோட்டிபிகேஷன் வைத்திடவும்.

இன்டர்னலுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? நான் படித்த 2013 ரெகுலேஷனில் தியரி பேப்பருக்கு இன்டர்னல் 20, செமஸ்டர் தேர்வு 80. கடைசி ஒரு மாதம் விழுந்து விழுந்து படித்துக் கரையேறியவர்கள் உண்டு. 2021 ரெகுலேஷனில் அது 40, 60 என்று ஆகிவிட்டது. செமஸ்டர் நடுவில் வரும் ஒரு மோசமான வாரம் முன்பை விட இரண்டு மடங்கு மதிப்பெண்ணைத் தின்னும். உங்கள் சேர்க்கை ஆண்டுக்கு எந்த ரெகுலேஷன் என்பதைக் கேட்டுத் தெரிந்து கொண்டு, அந்த விதிகளை ஒரு முறை முழுதாகப் படித்து விடுங்கள். சீனியர் சொன்ன விதி உங்களுக்குப் பொருந்தாமல் இருக்கலாம்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. என் சித்தி மகள்கள், பக்கத்து வீட்டுத் தங்கைகள் போட்ட அட்டவணைகளைப் பார்த்திருக்கிறேன். மாலை வீட்டுக்கு வந்ததும் 6 மணி முதல் 9 மணி வரை "படிப்பு" என்று இருக்கும். அந்த நேரத்தில் சமையலறையில் என்ன நடக்கிறது, தண்ணீர் யார் பிடிக்கிறார்கள், தம்பிக்கு யார் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பது அதில் இருக்காது. அதனையும் எழுதிவிடுங்கள். எழுதினால் உண்மையில் கிடைப்பது ஒன்றரை மணி நேரம் என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டிலும் காட்டலாம். அண்ணன் தம்பிகள் இந்த இடத்தைச் சத்தம் போட்டுப் படிக்கவும்.

பஸ்ஸில் படிக்கலாமா?

"தினமும் இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் போகிறதே, அதில் படிக்கலாமே" என்று அறிவுரை சொல்பவர்கள், காலை 7 மணிக்குக் கம்பத்தில் பஸ் ஏறிப் பார்க்காதவர்கள். ஒரு கை கம்பியில், ஒரு கை பையில். சீட் கிடைத்தால் தூங்குவதே நல்லது என்பது என் கருத்து. ராத்திரி பதினொன்றரை வரை விழித்து, காலை ஐந்தரைக்கு எழுந்தவனுக்கு அந்த ஒரு மணி நேரத் தூக்கம் எந்த ஆப்பையும் விட மேலானது.

மாலை பஸ் வேறு. இடம் கிடைக்கும். அப்போதும் புத்தகத்தைத் திறக்க வேண்டாம். அன்று நடந்த வகுப்புகளை ஒவ்வொன்றாக, எதையும் பார்க்காமல், மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களை விட, ஒரு முறை படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். எது வரவில்லையோ அதை மட்டும் மொபைலில் குறித்து, இரவு அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்தால் போதும்.

சூத்திரம், விதி, வரையறை போன்றவற்றுக்கு ஆன்கி என்ற பிளாஷ்கார்ட் புரோகிராம் நல்லது. கம்ப்யூட்டரில் இலவசம். ஆண்ட்ராய்டில் ஆன்கிடிராய்ட் என்ற பெயரில் இலவசம். ஐபோனில் கட்டணம் உண்டு. தமிழிலும் கார்டு எழுதலாம். நீங்கள் மறந்த கார்டை விரைவிலும், நன்றாகத் தெரிந்ததைப் பல நாள் கழித்தும் காட்டும். மற்றவர்கள் தயாரித்த கார்டுகளை டவுன்லோட் செய்யாமல் நீங்களே எழுதுங்கள். எழுதும்போதே பாதி படித்தாகிவிடும்.

மொபைலை அடக்குதல்

இதனைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஆண்ட்ராய்ட் மொபைலில் செட்டிங்ஸ் சென்று டிஜிட்டல் வெல்பீயிங் என்ற பிரிவைத் திறக்கவும். எந்த ஆப்பில் எத்தனை மணி நேரம் போனது என்று காட்டும். முதல் முறை பார்ப்பவர்கள் உட்கார்ந்து கொண்டு பார்ப்பது நல்லது! அதில் ஆப் டைமர் வைத்தால் தினசரி அளவு முடிந்ததும் அந்த ஆப் நின்றுவிடும். போகஸ் மோட் என்பதில் தேர்ந்தெடுத்த ஆப்களைத் தற்காலிகமாக நிறுத்தலாம். வாட்ஸ்அப்பை முழுவதுமாக நிறுத்தாதீர்கள். வகுப்புக் குழுவில் தேர்வு அறிவிப்பு வரும். மற்ற குழுக்களை மியூட் செய்தால் போதும். தூங்கும் நேரத்துக்கு பெட் டைம் மோட் வைத்திடவும்.

இவ்வளவும் செய்து, நேரம் இருந்தும் படிக்க உட்கார முடியவில்லை, தூக்கம் இல்லை, யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை என்ற நிலை வாரக் கணக்கில் நீடித்தால் அதற்கு ஒர்க்‌ஷீட்டில் விடை கிடையாது. மத்திய அரசு 2022ல் தொடங்கிய டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழில் பேசலாம். வீட்டில் சொல்லத் தயங்கும் விஷயத்தை அங்கே சொல்லலாம்.

நோட்ஸ் எங்கே?

தேர்வுக்கு முதல் நாள் இரவு பாதி மாணவர்கள் படிப்பதில்லை, தேடுகிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் வந்த நோட்ஸை அன்றே டவுன்லோட் செய்யாமல் விட்டு, மாதக் கணக்கில் கழித்துக் கிளிக் செய்தால் பைல் கிடைக்காமல் போகலாம். வந்த அன்றே எடுத்து வைக்கவும். போல்டர் அமைப்பு எளிதாக இருக்கட்டும். செமஸ்டருக்கு ஒன்று, அதனுள் பேப்பருக்கு ஒன்று. அதற்கு மேல் பிரிக்க வேண்டாம். பைல் பெயரின் தொடக்கத்தில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதி கொடுங்கள். 2025-09-26 என்பது போல. அப்போதுதான் பெயர் வரிசையில் வைத்தாலே தேதி வரிசையிலும் வந்துவிடும். "பைனல்", "நியூ பைனல்", "கடைசி பைனல்" என்று பெயர் வைக்கும் வழக்கம் சாப்ட்வேர் நிறுவனங்களிலும் உண்டு. அங்கும் அது அழ வைக்கிறது.

கூகுள் கணக்கில் 15 ஜிபி இலவசம். ஆனால் ஜிமெயில், டிரைவ், போட்டோக்கள் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அது. கல்யாண வீடியோ ஏறினால் புராஜெக்டுக்கு இடம் இருக்காது. மேலும், கல்லூரி தரும் மெயில் கணக்கில் மட்டும் எதையும் வைக்காதீர்கள். படிப்பு முடிந்ததும் அது மூடப்படலாம். புராஜெக்ட் ரிப்போர்ட், மார்க் ஷீட் ஸ்கேன், சான்றிதழ்கள் ஆகியவற்றை உங்கள் சொந்தக் கணக்கிலும், ஒரு பென் டிரைவிலும், லேப்டாப்பிலும் என மூன்று இடத்தில் வைத்திடவும். பென் டிரைவை லேப்டாப் பையிலேயே போட்டு வைத்தால், பை தொலையும்போது இரண்டும் சேர்ந்தே தொலையும்.

இறுதியாக பிரின்ட். மொபைல் பார்க்காத அப்பா, அம்மாவுக்குக் காலண்டர் ஷேர் செய்து பயன் இல்லை. ஷீட்டின் தலைப்புகளைத் தமிழில் மாற்றி, ஃபைல் மெனுவில் பிரின்ட் சென்று, லேண்ட்ஸ்கேப் தேர்ந்தெடுத்து, ஸ்கேல் என்ற இடத்தில் பிட் டு விட்த் கொடுத்தால் ஒரே ஏ4 தாளில் அடங்கும். எழுத்து 14 அளவில் இருக்கட்டும். ஓரத்தில் இரண்டு விரல் அகலம் இடம் விட்டு பிரின்ட் எடுக்கவும். சுவரில் தொங்கும் தினசரி காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி, ஒரு பேனாவையும் கட்டி வைத்தால், அவர்கள் தேதிகளை அந்த இடத்தில் எழுதுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்து ஷீட்டில் ஏற்றிக் கொள்ளலாம்.